அவரவர் குறித்த தேதி

இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. "எந்த அத்தியாயம் எப்போது வரும் என்று நீங்களே தேதி குறித்துக் கொடுங்கள்" என்பேன். அதைச் சுதந்திரம் என்று நம்பினேன். எல்லோரும் ஆர்வத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். குறித்த நாளில் வந்தவர்கள் சிலர்தான்.

ஒரு மாணவி மூன்று வாரம் என் கண்ணில் படவே இல்லை. நூலகத்தில் எதிர்ப்பட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். "பாதிதான் முடிந்திருக்கிறது சார். சொன்ன தேதியும் போய்விட்டது. எப்படி வந்து நிற்பது?" அந்தப் பாதியை வாங்கிப் படித்தேன். நன்றாகவே இருந்தது. சோம்பல் என்று நான் நினைத்திருந்தது வெட்கம். மூன்று வாரத்தைத் தின்றது அதுதான்.

டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை அதன் பிறகு மீண்டும் படித்தேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக வகுப்பு ஒன்றில், மூன்று கட்டுரைகளுக்கும் மாணவர்களே கெடு வைத்துக்கொள்ளலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் மதிப்பெண்ணில் ஒரு சதவீதம் குறையும். எல்லாவற்றையும் கடைசி நாளுக்கே வைத்துக்கொள்வதுதான் லாபம். ஆனாலும் பெரும்பாலோர் முன்கூட்டிய தேதிகளையே கேட்டு வாங்கினார்கள். தங்கள் மனம் தங்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், சீரான இடைவெளியில் ஆசிரியரே கெடு வைத்த இன்னொரு வகுப்புதான் கூடுதல் மதிப்பெண் பெற்றது. இரு வகுப்பினரும் பணி அனுபவம் உள்ளவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இளம் வயதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

1994-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். என் மாணவர்களும் பொய் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த அன்று அந்தத் தேதியை மனதார நம்பினார்கள்.

அந்தத் தேதிகளுக்குக் காவல் இல்லாமல் விட்டது என் தவறு. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, ஆளுக்கு அரை மணி நேரம். எதைக் காட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். வராமல் இருக்க முடியாது. முடிந்ததைக் கேட்பதில்லை, இருப்பதைக் கேட்கிறேன். தேதி தவறினால் காரணம் விசாரிக்காமல் அடுத்த தேதியை அங்கேயே குறிக்கிறோம்.

போன வியாழக்கிழமை ஒருவர் நான்கு தலைப்புகளும் இரண்டு வரிகளும் மட்டும் உள்ள தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினார். அந்த இரண்டு வரிகளைப் பற்றியே அரை மணி நேரமும் பேசினோம். மூன்றாவது வரியை என் மேசையிலேயே எழுதிவிட்டுப் போனார்.