தீவில் டீசல் என்ஜினை நிறுத்திய அனுபவம்

டீசலை நம்பி இருக்கும் ஒரு சிறு தீவைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றினோம் என்று சொன்னால், "எத்தனை பேனல் போட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேனல் போடுவது இதில் சுலபமான வேலை. எங்களைப் படுத்தியெடுத்தது, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்துவது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

அளவெடுப்பில் தொடங்கினோம். மின் நிலையத்தின் பதிவேட்டில் மணிக்கொரு முறை லோடு, அதாவது தீவு இழுக்கும் மின்சாரம், எவ்வளவு என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் எங்களுக்குப் போதாது. பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது சில நொடிகளுக்கு வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். என்ஜின் ஒரு முக்கு முக்கிவிட்டுத் தாங்கிக்கொள்ளும்; பேனலும் பேட்டரியும் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக (ஏசி) மாற்றும் இன்வெர்ட்டர் அப்படியே நின்றுவிடும். எனவே நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ஒவ்வொரு மின்பாதையிலும் (ஃபீடர்) தானாகப் பதிவு செய்யும் மீட்டர் மாட்டி, மழைக்காலம், வெயில்காலம் இரண்டும் கடக்கும்வரை காத்திருந்தோம். நிதி கொடுத்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை. மீட்டர் பெட்டி முன்னால் நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்ள முடியாதே.

அந்தப் பதிவில் தெரிந்தது இது: லோடில் பெரும்பங்கு வீடுகளுடையது அல்ல. மீனுக்கான ஐஸ் பிளாண்டும், கடல்நீரைக் குடிநீராக்கும் பம்புகளும்தான் அதிகம் இழுத்தன. இரண்டையும் பகலுக்கு மாற்றலாம். வெயிலில் செய்த ஐஸ் இரவிலும் ஐஸ்தான், அதற்குப் பேட்டரி வேண்டாம். ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசருக்கு, மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டி, வேலை நேரத்தையும் மாற்றினோம். வாங்க வேண்டிய பேட்டரியின் அளவு அங்கேயே கணிசமாகக் குறைந்தது. இந்தத் திட்டத்தில் நாங்கள் செலவழித்ததிலேயே மிக நன்றாகச் செலவான பணம் அதுதான் என்பது என் கருத்து.

அப்புறம் என்ஜின். டீசல் என்ஜினை அதன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓட்டக் கூடாது. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படிந்து என்ஜின் கெட்டுப்போகும். ஆகவே அது ஓடுகிறவரை, வெயில் எப்படி அடித்தாலும் அந்த 30 சதவீதத்தை அதற்கு ஒதுக்கியே ஆக வேண்டும். மிச்சத்தில்தான் சூரிய மின்சாரத்துக்கு இடம். அதற்கு மேல் பேனல் சேர்த்தால் டீசல் குறையாது, பேனல்தான் சும்மா கிடக்கும். பல தீவுகளில் பேனல் போட்ட பிறகும் எண்ணெய்ச் செலவு எதிர்பார்த்த அளவு இறங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நிறுத்தலாம். ஆனால் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைய வேண்டும் (50 ஹெர்ட்ஸ்) என்று தாளம் போட்டுக்கொண்டிருந்ததே அந்த என்ஜின்தான். சாதாரண சோலார் இன்வெர்ட்டர்கள் அதைக் கேட்டுப் பின்தொடர்கிறவை. என்ஜின் நின்றால் தாளம் போட வேறு ஆள் வேண்டும். வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் தானே உருவாக்கக்கூடிய பேட்டரி இன்வெர்ட்டர் அந்த இடத்துக்கு வந்தது. பேட்டரி நிரம்பிவிட்டால் அது அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தும்; சோலார் இன்வெர்ட்டர்கள் அதைப் பார்த்துத் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தனியாகத் தகவல் கம்பிகூடத் தேவையில்லை.

பாதுகாப்பு அமைப்பில்தான் தலைவலி. எங்காவது ஷார்ட் ஆனால் ஜெனரேட்டர் பெரும் கரண்டைத் தள்ளும், ஃபியூஸ் உடனே போய்விடும். இன்வெர்ட்டர் தன் அளவுக்குச் சற்று மேல்தான் தரும். எனவே கோளாறு இருக்கும், ஆனால் ஃபியூஸ் போகாது. இது ஆபத்து. ஃபியூஸ்களையும், கோளாறைக் கண்டு மின்பாதையைத் துண்டிக்கச் செய்யும் ரிலேக்களின் அமைப்புகளையும் தீவு முழுக்க மறுபடி கணக்கிட்டோம். வேலை எடுத்த நிறுவனம் இது தன் ஒப்பந்தத்தில் இல்லை என்றது. ஒப்பந்தத்தைப் படித்தால் உண்மையாகவே இல்லை. நீங்கள் டெண்டர் எழுதினால் முதல் பக்கத்திலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

அதே நிறுவனம், எல்லாவற்றையும் தன் அலுவலகத்திலிருந்தே இயக்கலாம், ஆபரேட்டர்கள் தேவைப்படாது என்றும் சொன்னது. என்ஜின் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் மேல் இருந்த சந்தேகத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: மென்பொருளை நம்பாமல் கையால் என்ஜினைக் கிளப்ப ஒரு பட்டன். வைக்க வைத்தோம். பின்னர் தகவல் இணைப்பு அறுந்து திரையில் எதுவும் தெரியாமல் போனபோது, தீவுக்கு வெளிச்சம் தந்தது அந்தப் பட்டன்தான். இன்று பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்பவர்களும் அதே ஆட்கள்தான்.

ஊர்க்கூட்டத்தில் நான் ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவைப் பற்றிச் சொன்னேன். 2008 முதல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது, எல்லா வீட்டுக்கும் ஒரே விதி. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது நியாயமாகப் பட்டது, மீதிப் பேர் சத்தம் போட்டார்கள். டென்மார்க்கின் சாம்சோ தீவில் காற்றாலைகளில் ஊர்க்காரர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னதும்தான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யாருக்குச் சொந்தம் என்பது, எத்தனை கிலோவாட் என்பதைவிட மக்களுக்கு முக்கியம்.

டீசலே இனி வேண்டாம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. கேனரித் தீவுகளில் எல் ஹியரோ, 11.5 மெகாவாட் காற்றாலையும், மலைமேல் தண்ணீரை ஏற்றிச் சேமிக்கும் நீர்த்தேக்கமும் வைத்திருக்கிறது. 2019 கோடையில் 24 நாட்கள் தொடர்ந்து டீசல் இல்லாமல் ஓட்டினார்கள். ஆனால் அந்த ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் பாதிக்குச் சற்று மேல்தான் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். அடைமழைக் காலத்தில் எங்கள் என்ஜினும் ஓடுகிறது. படகுகளுக்கு எண்ணெய் வந்துகொண்டுதான் இருக்கிறது.

உப்புக்காற்று பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: துருப்பிடிக்காத ஸ்க்ரூ வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது இழுபறியாக இருப்பது பணம். டீசல் செலவு மாதாமாதம் வரும், அதற்கு அரசு மானியம் உண்டு. பேட்டரிச் செலவோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரே மூட்டையாக வரும், பழைய பேட்டரிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்து. அதற்கென்று இப்போதே ஒரு கணக்குத் தொடங்கி, மிச்சமாகும் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதியைப் போட வேண்டும் என்று கேட்டோம். கணக்குத் தொடங்கியாகிவிட்டது. அதிலிருந்து பணம் எடுக்கக் கையெழுத்துப் போடுவது தீவுக் குழுவா, மின்துறையா என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.