டிராக் டேயும் அப்பா பெயரில் இருக்கும் ஆர்சி புத்தகமும்

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசியில் என் வாட்ஸப்புக்கு ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும். "அண்ணே, டிராக் டேக்குப் போறோம். நம்ம ஃபுல் கவர் அங்க செல்லும்ல?" எல்லாரும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் நான் பாலிசி போட்டுக் கொடுத்த பிள்ளைகள்தான். சொந்தக் காரையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கோயம்புத்தூர் கரி டிராக்குக்கோ போய், ஆசை தீர ஓட்டிவிட்டு வருவார்கள். அதுதான் டிராக் டே. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ராத்திரியில் பந்தயம் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு. அதனால் டிராக்குக்குப் போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆனால் கேள்விக்குப் பதில், செல்லாது என்பதுதான்.

பாலிசிப் பத்திரத்தில் வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது என்று தொடங்கி, ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை வரை அதில் வரும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. மூன்றாம் நபருக்கான, அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கான, பொறுப்பிலிருந்துகூட காப்பீட்டுக் கம்பெனி விலகிக்கொள்ளச் சொல்லக்கூடிய காரணங்களில், பந்தயமும் வேகச் சோதனையும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இருக்கின்றன. "இது ரேஸ் இல்லண்ணே, பிராக்டிஸ்தான்" என்பார்கள். வாதாடலாம். ஆனால் கையில் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம், அச்சடித்த தாள் இருக்கும்போது, அது வேகச் சோதனை இல்லை என்று நிரூபிப்பது கடினம்.

தன் வண்டி நசுங்கினால் என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை வேறு. உங்கள் வண்டி இன்னொருவர் மேல் ஏறினால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 28, சொந்தத் தொழில், மாதம் 40,000 ரூபாய் வருமானம், மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் தந்த தீர்ப்புகளின் முறைப்படி, ஆண்டு வருமானம் 4.8 லட்சத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அது 6.72 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 4.48 லட்சம். அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 17. மொத்தம் 76 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். சாலை விபத்தில் இதைக் கம்பெனி கொடுக்கும். டிராக்கில் கம்பெனி கையை விரித்தால், கொடுக்க வேண்டியவர் ஓட்டியவரும் வண்டியின் உரிமையாளரும்.

உரிமையாளர் யார்? நம் பக்கத்தில் பாதிக் கார்களுக்கு ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது. மகன் ஓட்டிய வண்டிக்கு அப்பா பிரதிவாதி ஆகிறார். தீர்ப்பானால் ஜப்தி வரை போகலாம். விவசாயி குடியிருக்கும் வீடு, ஏர் கலப்பை, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல் ஆகியவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூட்டுப் பட்டாவில் இருந்தாலும் அவருடைய பங்கைத் தொடலாம். இதை நான் விளக்கிச் சொன்ன அப்பாக்கள் யாருக்கும் இது முன்பே தெரிந்திருக்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தானே உள்ள போறோம்?" என்று அடுத்து கேட்பார்கள். அந்தப் பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள். அது உங்களுக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையில் உள்ளது. பெரும்பாலும் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, எனக்கு ஏதாவது ஆனால் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன். இரண்டாவது, என்னால் உங்கள் மேல் வழக்கு வந்தால் அந்த நஷ்டத்தை நான் ஈடுகட்டுவேன். இரண்டாவது வரியில் உங்கள் சுமை கூடுகிறது. டிராக் ஓரத்தில் கொடி பிடித்து நிற்கும் பாதுகாப்பு ஆளான மார்ஷல் உங்களிடம் எதையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவில்லை. உடன் ஓட்டியவர் ஆபத்து தெரிந்தே வந்தவர் என்று வாதிடலாம்தான். ஆனால் ஆபத்து இருக்கிறது, முந்தாதே என்று மஞ்சள் கொடி காட்டியபோது முந்தினீர்கள், முந்தக் கூடாது என்று காலையில் சொன்ன வளைவில் முந்தினீர்கள் என்றால் அந்த வாதம் நிற்காது. அப்புறம், உயிர் போனால் அது குற்றவழக்கு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. அதைத் தனியார் பத்திரம் எதுவும் தடுக்காது.

மருத்துவக் காப்பீட்டில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. சாகச விளையாட்டு விலக்கில் மோட்டார் பந்தயமும் வருகிறது. ஆனால் அது தொழில்முறையில் பங்கேற்பவர்களுக்கானது. பொழுதுபோக்காக ஓட்டி அடிபட்டவரின் க்ளெய்மை அந்தக் காரணம் சொல்லி மறுத்தால் விட்டுவிடாதீர்கள், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். தனிநபர் விபத்து பாலிசி அப்படியல்ல, பலவற்றில் பந்தயம் முழுதாகவே விலக்கு. டெர்ம் பாலிசி என்னும் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது படிவத்தில் இந்தப் பழக்கத்தை எழுதிவிடுங்கள். பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

டிராக்கில் இடித்துவிட்டு, ஹைவேயில் இடித்ததாக க்ளெய்ம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் எழுத மாட்டேன். அது மோசடி. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்போது அடித்தட்டில் சரளைக் கல், ஹெட்லைட்டில் டேப் ஒட்டிய பசை, கதவில் நம்பர் ஸ்டிக்கரின் தடம் எல்லாம் இருக்கும். இன்ஸ்டாகிராமில் வீடியோவும் இருக்கும்.

சரி, போகத்தான் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நிகழ்ச்சிக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, ஓர் ஓட்டுநரால் இன்னொரு ஓட்டுநருக்கு வரும் சேதமும் அதில் அடங்குமா என்று ஏற்பாட்டாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. கையெழுத்துப் பத்திரத்தையும் அன்று காலை வரிசையில் நின்று படிக்காமல் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால், அங்கேயே வண்டி கொடுத்துச் சொல்லித்தரும் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். அந்த வண்டிக்கு என்ன காப்பீடு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை வாசலைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் உங்கள் பாலிசி மறுபடி செல்லும். நாள் முழுக்கக் காய்ந்த பிரேக் பேடோடும் தேய்ந்த டயரோடும் சுமார் 300 கி.மீ. ராத்திரியில் திரும்ப வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூம் போட்டுத் தூங்குங்கள். காலையில் பேடையும் டயரையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.