பிரேக் கத்தினால் பேடைப் பாருங்கள்

மழைக்கு மறுநாள் காலையில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பாதி கார்கள் கீச்சிட்டுக்கொண்டுதான் கிளம்பும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஈரத்தில், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க் மேல் லேசாகத் துரு படியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் காற்று வேறு. சில முறை பிரேக் பிடித்தால் அந்தத் துரு தேய்ந்து போய்விடும்.

அதற்கப்புறமும் சத்தம் நிற்கவில்லையா? சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஜாக்கில் தூக்கியதும் கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கை விடவே கூடாது.

டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டைதான் பேட். அதன் உராயும் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான், இடது, வலது இரண்டு சக்கரத்திலும் சேர்த்தே. பல பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும். நம்மை எச்சரிக்கத்தான் அந்த ஏற்பாடு, அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

பேட் தடிமனாக இருந்தும் கத்தினால் எனக்கு முதல் சந்தேகம் காலிப்பர் பின் மேல்தான். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இந்தப் பின் மேல்தான் நகரும். பழைய கிரீஸ் காய்ந்து, கறுத்து, பிசினாகி, பின் நகராமல் நிற்கும். நன்றாகத் துடைத்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேடின் முதுகிலும் மெல்லிசாகத் தடவலாம். உராயும் பக்கத்தில் துளிகூடப் படக் கூடாது. அந்தக் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். புது பேட் போட, பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் முதல் மிதி அப்படியே கீழே போகும்.

கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தம் என்றால் ஓட்டவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.