அறுபது எலை

ஆறு வருஷத்தில் இரண்டு வேலை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஆபீஸ் பாளையங்கோட்டையில்தான்.

முதல் வேலை, கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆட்டோமேஷன் போட்டுக் கொடுப்பது. மாணவர் ஃபீஸ் கட்டினால் ரசீது வாட்ஸப்பில் போகணும், கணக்கு ஷீட்டில் ஒரு வரி ஏறணும், அக்கவுண்டன்டுக்குத் தகவல் போகணும். ஒன்று நடந்தால் அடுத்தது தானாக நடக்கும். இப்படி ஆப்களை ஒன்றோடொன்று இணைக்கும் இணையச் சேவை, 2011-இல் தொடங்கிய ஜேப்பியர். அதில் சிலருக்குச் செய்தோம். தரவு தங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றவர்களுக்கு, பெர்லினிலிருந்து வரும் என்8என் என்ற அதே மாதிரி மென்பொருளை அவர்கள் சர்வரிலேயே போட்டுக் கொடுத்தோம். நம்ம தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவின் ஃப்ளோ என்ற இதே வகைச் சேவையையும் நிறைய பேர் கேட்டார்கள்.

2022-இல் வேலை மாறினேன். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஆன்லைன் சந்தை. ஊர் மெஸ்கள் ஒரு பக்கம், கம்பெனிகள் ஒரு பக்கம், நடுவில் எங்கள் ஆப். அமெரிக்காவில் ஈஸிகேட்டர் 2007-இலிருந்து செய்துவரும் தொழிலின் சின்ன உருவம் என்று சொல்லலாம்.

இரண்டும் ஒரே வேலை என்றுதான் நினைத்து வந்தேன். இங்கேயும் தகவல் ஒரு பக்கம் கிளம்பி இன்னொரு பக்கம் போய்ச் சேருகிறது. ஜேப்பியர் போன்றவற்றில் ஓடி முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு ஏறும், சந்தையில் ஒவ்வொரு ஆர்டருக்கும் கமிஷன். தகவல் தப்பாகப் போனாலும் இரண்டிலும் மீட்டர் ஓடும்.

வித்தியாசம் முதலில் வரியில் தெரிந்தது. 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக விற்கும் உணவக சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியை ஆப் நடத்துபவரே வசூலித்துக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாத சின்ன மெஸ்ஸுக்கும் இது உண்டு. ஒரு மெஸ் அக்காவிடம் நேரில் 80 ரூபாய்க்கு வாங்குகிற சாப்பாடு எங்களிடம் 84 ரூபாய். இதை ஒவ்வொரு கம்பெனி அட்மினுக்கும் விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது. ரசீது அனுப்புகிற வேலையில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

பெரிய வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு புதன்கிழமை. வண்ணார்பேட்டையில் மெஸ் நடத்தும் அக்கா, கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனிக்குத் தினம் அறுபது எலை கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு தூக்குகளில்தான் போகும், ஆனாலும் கணக்கு எலைதான். புதன்கிழமை சொதி, தேங்காய்ப்பாலில் செய்யும் குழம்பு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுகிற அதே சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும். அந்த ஒரு நாளுக்காகவே அந்த கம்பெனியில் புதன்கிழமை யாரும் லீவு போடுவதில்லை என்று அட்மின் சொல்வார்.

அன்று பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"தம்பி, எத்தன ஆட்டோ வருது?"

"ஒண்ணுதான் அக்கா, எப்பவும் போல."

"நூத்தி இருவது எலையும் ஒரே ஆட்டோல எப்படித் தம்பி போகும்?"

கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரே கம்பெனி, ஒரே நாள், அறுபது அறுபதாக இரண்டு ஆர்டர். இடையில் பதினொரு விநாடி.

அந்த இணைப்பைக் கட்டியவன் நான். கம்பெனியின் வருகைப் பதிவிலிருந்து ஆள் கணக்கு எங்களுக்குத் தானாக வரும். வந்தது என்று நாங்கள் சீக்கிரம் பதில் சொல்லாவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அந்தப் பக்கம் மறுபடி அனுப்பும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் அனுப்பணும். முந்தைய நாள் சாயங்காலம் எங்கள் சர்வர் மெதுவாக இருந்தது, அதனால் இரண்டு தடவை வந்துவிட்டது. ஏற்கெனவே வந்த ஆர்டர் எண்ணிலேயே இன்னொரு ஆர்டர் வந்தால் தள்ளிவிடு என்று வாங்குகிற பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. பழைய வேலையில் இதே தப்பு நடந்தபோது ஒரு மாணவருக்கு இரண்டு ரசீது போனது. 'மன்னிக்கவும், முதல் ரசீதை மட்டும் வைத்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி அனுப்பினோம், முடிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் இரண்டு பெரிய ஏனம். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, கடைசியில் ஒண்ணாம் பாலும் விட்டு இறக்கத் தயாராக இருந்தது. ஒண்ணாம் பால் விட்ட பிறகு சொதி கொதிக்கக் கூடாது, திரிந்துவிடும். சுட வைக்க முடியாது, சாயங்காலம்வரை வைத்திருக்கவும் முடியாது. அக்கா கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மெசேஜ் வந்துச்சுல்லா தம்பி. டிரெய்னிங்குக்கு ஆள் வந்திருக்கும்னு நெனச்சேன். ஒண்ணாம் பாலும் ஊத்தியாச்சே."

மிச்ச அறுபதை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நோயாளிகளோடு வந்து வெளியே காத்துக்கிடந்தவர்களுக்குக் கொடுத்தோம். பணத்துக்குத்தான் மூன்று வாரம் சண்டை போட்டேன். இரண்டு தடவை 'ஏற்கிறேன்' அழுத்தியது அவர்தானே என்று எங்கள் தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். கடைசியில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தப் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆட்டோமேஷனில் 'ஏற்கப்பட்டது' என்றால் வேலை முடிந்தது. மெஸ்ஸில் அந்த பட்டனை அழுத்தினவர் அதிகாலையில் எழுந்து தேங்காய் துருவ உட்காருகிறார்.

ஆர்டர் எண்ணைச் சரிபார்க்கும் நாலு வரியை அன்றைக்கே எழுதினேன். கூடவே, காலை எட்டரைக்கு எங்களோடு இருந்த ஒன்பது மெஸ்ஸுக்கும் போன் போட்டு "இன்னைக்கு எத்தன எலை?" என்று வாயால் கேட்கும் வழக்கத்தை ஆரம்பித்தேன். மொத்தம் இருபது நிமிஷம். ஆட்டோமேஷன் படித்தவன் போன் போட்டுக் கேட்கிறானே என்று ஆபீஸில் கேட்டார்கள். அந்த இருபது நிமிஷத்தில் எத்தனையோ தெரிந்தது. ஒரு நாள் கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும், ஒரு நாள் மகளுக்குப் பரீட்சை, ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் ஆட்டோ நுழையாது. எதுவும் எந்த ஷீட்டிலும் ஏறாத விஷயம்.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் குறுக்குத்துறை முருகனின் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்க்கிற ஆள் இருப்பதால் நடக்கிற காரியம் அது. எங்கள் சர்வர் வெளியூரில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் திங்கட்கிழமை என்று தெரியும், திங்கட்கிழமைக்கான ஆர்டர்களை ஒழுங்காக அனுப்பியது. பதில் வராததால் நினைவூட்டல் அனுப்பியது. அதற்கும் பதில் இல்லை என்றதும், மறுத்தால் உங்கள் மதிப்பெண் குறையும் என்று எச்சரித்தது. நிறுத்தலாம் என்றால் எனக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

புதன்கிழமை சிக்னல் வந்ததும் முதலில் ஆர்டர்களைத் தானாக அனுப்பும் அந்த அட்டவணையை அணைத்தேன். அக்காவுக்குப் போன் போகவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார், பெருமாள்புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் சார்ஜ் போட்டு. போனைப் போட்டதும் எங்கள் மெசேஜ் ஏழு ஒன்றாக வந்து விழுந்திருக்கிறது.

"தம்பி, மார்க்க கொறச்சிராதீங்க. அடுப்படி இன்னும் காயல. காஞ்சதும் நானே சொல்லுதேன்."