விரட்ட விரட்ட அடர்ந்த மூடுபனி

எனக்கு இடுப்பு வலி வந்து ஆறு ஆண்டுகளாகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்பார்கள். அந்தக் கணக்கில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். அதனால் மருத்துவர், கணினி உருவாக்கிய உலகைக் கண்முன் காட்டும் மெய்நிகர் (VR) கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளச் சொன்னபோது, "வீடியோ கேம் ஆடினால் வலி போய்விடுமா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990களிலேயே தீக்காயக்காரர்களுக்கு மெய்நிகர் உலகைக் காட்டி வலியைக் குறைத்ததைச் சொன்னார். அந்த உலகில் பனிப்பந்து எறிவதில் மனம் ஒன்றிவிட்டால் கட்டு மாற்றும் வேதனை அவ்வளவாக உறைக்காதாம். "ஆனால் உங்கள் வலி நாள் முழுக்க இருப்பது. நாள் முழுக்கக் கருவியோடு இருக்க முடியாது. கருவி இல்லாமலே மனதைத் தளர்த்த நீங்கள் பழக வேண்டும்" என்றார்.

விரல்களில் உணரியை மாட்டினார்கள். கண்முன் ஒரு காட்டுப்பாதை, எங்கும் மூடுபனி. மனம் இறுகினால் விரலில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை கசியும். தோலின் மின்கடத்தல் கூடும். அதை அளந்து கணினி பனியை அடர்த்தியாக்கும். மனம் தளர்ந்தால் விலக்கும். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் டயான் குரோமாலாவின் குழு இப்படியொரு 'மெய்நிகர் தியான நடை'யை உருவாக்கியது. அவரும் நாள்பட்ட வலியோடு வாழ்பவர் என்று பிறகு படித்தேன். வியப்பாக இல்லை. வலி அறியாதவருக்கு மூடுபனி தோன்றியிருக்காது.

முதல் நாள் நான் பனியை ஜெயிக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு 'அமைதி, அமைதி' என்று எனக்கே ஆணையிட்டேன். சுவர் போல அடர்ந்தது. குமட்டலோடு வெளியே வந்தேன். அடுத்தடுத்த அமர்வுகளும் அப்படியே.

மூன்றாவது வாரம் சலிப்பில் முயற்சியையே விட்டுவிட்டு மூச்சை மட்டும் எண்ணினேன். ஒரு மரம் தெரிந்தது. பிறகு பாதையின் வளைவு. மகிழ்ச்சியில் துள்ளினேனோ இல்லையோ, மீண்டும் பனி! சிரித்துவிட்டேன்.

எட்டு வாரம் முடிந்தது. மாத்திரையையும் உடற்பயிற்சியையும் நிறுத்தவில்லை, வலியும் போகவில்லை. பத்துக்கு ஏழு என்றிருந்தவள் இப்போது பல நாட்களில் ஐந்து என்கிறேன். சில நாட்களில் ஏழேதான். கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நள்ளிரவில் வலி எழுப்பினால் கண்ணை மூடி அந்தப் பாதையில் நிற்கிறேன். பெரும்பாலும் பனிதான். அவசரப்படாமல் மூச்சை எண்ணுகிறேன்.