பட்டரும் தப்பும்

1977இல் இங்கிலாந்து ராணியையே நக்கலடித்துப் பாடிய செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் பாடகர் ஜான் லைடன், 2008இல் ட்வீட் கோட்டு போட்டுக்கொண்டு டிவியில் கன்ட்ரி லைஃப் பட்டர் விற்றார். விலைபோய்விட்டார் என்று நானும்தான் சிரித்தேன். அப்புறம் பார்த்தால், அந்தக் காசில்தான் தன் பழைய இசைக்குழு பப்ளிக் இமேஜ் லிமிடெட்டை மறுபடி மேடையேற்றியிருக்கிறார்.

போன மாதம் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் தப்படிக்கிற மாமா ஏதோ போன் கம்பனி டீசேர்ட்டோடு, குளிரில் தொய்ந்துபோன தப்பை வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டு நின்றார்.

“என்ன மாமா, விளம்பரமா?”

“தோல் மாத்த காசு நீ தருவியா?”

அடி அதே அடிதான். விளம்பரத்துக்குப் பாடமாட்டேன் என்று 1988இல் பாட்டே போட்ட ராக் பாடகர் நீல் யங்தான் இன்னமும் எனக்குப் பெரிய ஆள். ஆனால் மாமாவிடம் அவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.