கில்ஹர்ன் கோட்டைக் குறிப்புகள்

மே 6
பெயரில் தொடங்கலாம். Kilchurn என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்துக் ‘கில்சர்ன்’ என்று படித்துவிடுவார்கள். உள்ளூர் உச்சரிப்பு ‘கில்ஹர்ன்’. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில், ‘ஆ’ (Loch Awe) என்ற ஏரியின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. 1450 வாக்கில் கேம்பல் குலத்தின் கிளெனோர்க்கி கிளைக்கு முதல் தலைவரான சர் காலின் எழுப்பிய ஐந்தடுக்குக் கோபுரவீடுதான் மூலக் கட்டடம். அவர் ரோட்ஸ் தீவில் போருக்குப் போயிருந்தபோது மனைவி மார்கரெட்டே கட்டி முடித்தார் என்பது ஊர்க்கதை.

மே 7
இன்று நடந்தே போகலாம். அன்று இது தீவு. 1817-இல் ஏரியின் வடிகாலைத் திருத்தி நீர்மட்டத்தைக் குறைத்த பிறகே நிலத்தோடு ஒட்டியது. மழை வலுத்தால் பாதை மூழ்கிப் பழையபடி தீவாகிவிடும். ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மே 9
கோபுரத்தைவிட வடபக்கப் படைவீடுதான், அதாவது வீரர்கள் தங்கும் கட்டடம்தான், முக்கியம் என்பேன். பிரெடல்பேன் பகுதியின் முதல் ஏர்ல் (பிரபு) ஜான் கேம்பல் 1690-களில் கட்டியது. 200 வீரர் தங்கலாம். பிரிட்டன் பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படைவீடு இதுவே. கோபுர வாசல் மேற்கல்லில் 1693 என்று வெட்டியிருப்பதைப் பார்த்துக் கோட்டையின் வயதையே தப்பாகக் கணக்கிடுவோர் உண்டு. அது அவருடைய திருப்பணியின் ஆண்டு. கோபுரம் அதற்கு 240 ஆண்டு மூத்தது.

மே 10
முற்றத்தின் நடுவே ஒரு சிறுகோபுரம் தலைகீழாகக் கிடக்கிறது. 1760-இல் இடி விழுந்ததன் சாட்சி. இவ்வகை மூலைக்கோபுரங்கள் சுவரை விட்டு வெளியே நீட்டிய தாங்குகற்களின் மேல் நிற்பவை. அந்தக் கற்களின் வால்பகுதியை அழுத்தும் சுவரின் கனமே பிடிமானம். அது விட்டால் வெளிப்பக்கமாகக் கவிழும். அண்ணாந்து பார்க்கவேண்டிய கல்வளையங்கள் கண்ணெதிரே இருப்பதால், அடுக்கிய விதத்தைப் படிக்க இதைவிட நல்ல இடமில்லை.

மே 12
இடியால் அழிந்த கோட்டை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற நடந்த 1745 ஜேக்கபைட் கிளர்ச்சியில் அரசுப்படை இங்கே தங்கியது. அதன்பின் படைக்கு வேலையில்லை. கேம்பல் குடும்பமோ முன்பே பெர்த்ஷயரின் டேமவுத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கோட்டையை அரசின் தலையில் கட்டப் பார்த்தார்கள், விலைபோகவில்லை. ஆளிருந்த வீடாயிருந்தால் பழுது பார்த்திருப்பார்கள். கூரை போனதும் சுவருச்சி வழியே மழைநீர் இறங்கிச் சுண்ணக்காரையைக் கரைக்கும், பனி உறைந்து கல்லை நெம்பும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொண்டது.